சமுர் விறகு உள்ளவனை நெருங்காதே

வாடகைக்கு எடுத்திருந்த நாற்பது ஹீட்டர்களைத் திருப்பி அனுப்பும் சீட்டில் நான் கையெழுத்திட்டது ஜனவரி 13ஆம் தேதி. பொங்கலுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சவூதி அரேபியாவின் அல்கஸீம் மாகாணத்தில், புரைதா நகருக்கு வெளியே, ஒரு சாலைப் பணிக்காகப் போடப்பட்டிருந்த கேம்பில் அப்போது நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். மூன்று நாள்களாக வெயில் இதமாக அடித்துக்கொண்டிருந்தது; ஆள்கள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். கைப்பேசியைப் பார்த்தால் அடுத்த ஐந்து இரவுகளுக்கும் 9 பாகை, 10 பாகை என்றே காட்டியது. வாடகைக் கணக்கு 15ஆம் தேதியோடு முடிகிறது, இன்னொரு மாதம் நீட்டிக்க வேண்டுமா என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். ‘தேவையில்லை, குளிர் முடிந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வரியை யாரும் என்னைக் கட்டாயப்படுத்தி எழுத வைக்கவில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும், பொங்கல் பானை பொங்கும் நாளில் அந்தச் சீட்டு என் கண்முன் வந்து நிற்கிறது.

லாரியில் ஹீட்டர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பேரீச்சைத் தோட்டத்தின் உரிமையாளரான முதியவர் வேலியோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். நாங்கள் அவரை ‘அம்மீ’, அதாவது சிற்றப்பா, என்றுதான் அழைப்போம். மாலைத் தொழுகைக்குப் பின் அவருடைய மஸ்ராவில், அதாவது தோட்டத்தில், மண் அடுப்பைச் சுற்றி அமர்ந்து கஹ்வா என்ற அரபுக் காப்பி குடிப்பது எங்களில் சிலருக்கு வழக்கம். அன்று அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “ஷபத் வருவதற்கு முன்பே ஏன் இதையெல்லாம் அனுப்புகிறாய்?” எனக்கு ஷபத் என்றால் என்னவென்று தெரியவில்லை. குளிர் போய்விட்டதே என்றேன். அவர் சிரிக்கவில்லை. “போனது தாய். நாளை மறுநாள் மகன் வருவான்” என்றார். பிறகு எதுகை மோனையோடு ஒரு வசனம் சொன்னார். அதன் பொருளை அவருடைய தோட்டத்தில் வேலை செய்த கேரளத்து நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார். சமுர் என்பது மெதுவாக எரியும் ஒரு பாலை மரம்; நார் என்பது பேரீச்சை நார். விடைபெறும்போது தாய் தன் மகனிடம் சொல்கிறாளாம்: “நான் வந்தேன், இந்த மக்களை என்னால் அசைக்க முடியவில்லை. இனி உன் பாடு. பேரீச்சம்பழம் தின்று சமுர் விறகு எரிப்பவனை நெருங்காதே. கஞ்சி குடித்து நார் எரிப்பவனைப் பிடித்துக்கொள்.”

அழகான பழமொழி என்று நினைத்துக்கொண்டேன், லாரி கிளம்பியது.

தாயின் நாள்களும் மகனின் நாள்களும்

அல்கஸீமை உள்ளடக்கிய நடு அரேபிய நஜ்து நிலப்பகுதியின் மக்கள் குளிர்காலத்தை மாதங்களால் எண்ணுவதில்லை. அதற்குக் காரணம் எளியது. ஹிஜ்ரி ஆண்டு முழுக்கச் சந்திரனைச் சார்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் அது ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்துவிடும். ரமலான் ஒருமுறை கடும் வெயிலில் வரும், சில ஆண்டுகள் கழித்துக் குளிரில் வரும். நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் அந்தக் கணக்கு. விதைப்புக்கும் மேய்ச்சலுக்கும் வேறொரு கணக்கு தேவைப்பட்டது. அதை அவர்கள் விடியற்காலை வானத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். சந்திரன் தங்கும் 28 வீடுகள் உண்டு. நம்முடைய 27 நட்சத்திரங்களின் உடன்பிறப்புகள் அவை. சூரியன் உதிக்கும் முன் கிழக்கில் எந்த வீட்டின் விண்மீன் எழுகிறதோ, அதன் பெயரில் 13 நாள். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் 14 நாள். கூட்டிப் பார்த்தால் 365 வந்துவிடும்.

கணக்கு ஆகஸ்ட் 24இல் தொடங்குகிறது. அன்றுதான் சுஹைல் தோன்றுவதாக வைத்துக்கொள்கிறார்கள். சுஹைல் என்பது வேறொன்றுமில்லை. தெற்கு வானில் தாழ்வாக ஒளிரும், நாம் அகத்தியர் என்று அழைக்கும் விண்மீன்தான். சுஹைல் எழுந்தால் இரவு குளிரத் தொடங்கும் என்பது வழக்குமொழி. தென்கோடியில் யேமனில் அது ஆகஸ்டின் முற்பகுதியிலேயே தெரிந்துவிடும். வடக்கே குவைத்தில் செப்டம்பர் முதல் வாரம் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் சுஹைல் உண்டு. அதன்பின் 53 நாள் கழித்து, அக்டோபர் 16இல் ‘வஸ்ம்’ பிறக்கிறது. கால்நடைக்குச் சூட்டுக்குறி இடுவதற்கும் வஸ்ம் என்றே பெயர். அந்த 52 நாள்களில் பெய்யும் மழை நிலத்தின் மேல் பசுமையைக் குறியாக இட்டுச் செல்கிறது என்பதால் அந்தப் பெயர். மணலுக்கு அடியில் விளையும் ‘ஃபகா’ என்ற காளான் கிடைப்பதும் வஸ்ம் மழை பெய்த ஆண்டுகளில்தான். ஜனவரியில் பெருமழை கொட்டினாலும் வஸ்ம் பொய்த்திருந்தால் ஃபகாவை எதிர்பார்க்க மாட்டார்கள்.

டிசம்பர் 7இல் தாய் வருகிறாள். அவளுக்கு ‘மர்பஆனிய்யா’ என்று பெயர். நாற்பது என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இக்லீல், கல்பு, ஷவ்லா என்ற மூன்று வீடுகள், ஆக 39 நாள். நம் கணக்கில் அவை அனுஷம், கேட்டை, மூலம். விருச்சிகத்தின் தலையும் நெஞ்சும் கொடுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக விடியலில் மேலேறும் காலம். பின்பு ஜனவரி 15இல் மகன் ஷபத் வருகிறான். அவனுக்கு இரண்டு வீடுகள், 26 நாள். பிப்ரவரி 10 முதல் ‘அகாரிப்’, அதாவது தேள்கள், மூன்று வீடுகளுக்கு 39 நாள் நீள்கின்றன. முதல் தேள் நஞ்சு, இரண்டாவது குருதி, மூன்றாவது கொழுப்பு என்று சொல்வார்கள். முதலாவதின் குளிர் நஞ்சைப் போலக் கொல்லும். கடைசித் தேளின்போது புல் வளர்ந்து ஆடுகள் கொழுக்கத் தொடங்கியிருக்கும். பிப்ரவரியின் கடைசி நாள்களிலும் மார்ச்சின் முதல் நாள்களிலுமாகக் ‘கிழவியின் குளிர்’ என்ற ஏழு நாள் வரும். அந்த ஏழு நாளுக்கும் பழைய அரபியில் தனித்தனிப் பெயர் இருக்கிறது. அவற்றுள் ஒன்று ‘கங்கை அணைப்பவன்’ என்று பொருள்படும். குளிர் போய்விட்டது என்று ஒருவன் துணிந்து நம்பும் வேளையில் வந்து சேரும் குளிர் அது.

ஜனவரி 15 என்பது நமக்குத் தை முதல் நாளை ஒட்டிய தேதி. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று என் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். மார்கழியோடு குளிர் முடிவதில்லை என்பது என் வீட்டிலேயே சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் கைப்பேசி காட்டிய ஐந்து நாள் கணக்குக்கு அப்பால் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த இரவு

ஷபத்தின் ஒன்பதாவது இரவு அது. பிற்பகலிலிருந்தே வடக்குக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. மர்பஆனிய்யாவின் குளிர் பெரும்பாலும் அசையாத குளிர். மேகமற்ற வறண்ட வானத்தின் கீழ் நிலம் தன் வெப்பத்தை இரவு முழுவதும் மேலே இழந்துகொண்டே இருக்கும். மூடிய அறைக்குள் இருப்பவனுக்கு அது ஓரளவு தாங்கக் கூடியது. ஷபத்தின் குளிரோ காற்றோடு வருவது. தகரச் சுவர் கொண்ட போர்ட்டா கேபினில் எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் அது நுழைந்தது. எனக்கு ஸ்டோரை ஒட்டிய தனி அறை. கதவு சரியாகப் பொருந்தும், கம்பளி இரண்டு, ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த ஃபர்வா ஒன்று. நள்ளிரவுக்கு மேல் என்னை எழுப்பியது கதவு தட்டும் ஓசை.

நான்காம் எண் கேபினில் ஆறு பேர் இருந்தார்கள். அந்த மாதம்தான் புதிதாக வந்து சேர்ந்தவர்கள். குளிர்காலக் கம்பளி வழங்கும் பட்டியல் நவம்பரிலேயே முடிந்துவிட்டதால் அவர்கள் பெயர் அதில் இல்லை. கூடுதல் கம்பளி கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு நான் பணிபுரிந்த நிறுவனத்திலிருந்து பதில் வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. தோட்டத்து வேலியோரம் விழுந்து கிடந்த பேரீச்சை மட்டையையும் நாரையும், சரக்கு வந்த மரப்பெட்டிகளின் சிறாய்களையும் ஓர் இரும்புத் தொட்டியில் போட்டு முன்னிரவில் வெளியே எரித்திருக்கிறார்கள். நார் சடசடவென்று பற்றிக்கொள்ளும், பார்க்க அழகாக இருக்கும், சிறிது நேரத்தில் சாம்பலாகிவிடும். அது அணைந்ததும், யாரோ கொடுத்த அடுப்புக்கரியைத் தொட்டியில் இட்டு, கங்கானதும் கேபினுக்குள் எடுத்துச் சென்று கதவை அடைத்து, சன்னல் இடுக்கில் துணியை அடைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். புகை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நினைத்தார்கள். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒருவன் சிறுநீர் கழிக்க எழுந்து, கால் துவண்டு, கதவின் மேல் விழுந்து, அந்த வேகத்தில் கதவு திறந்துகொண்டதால்தான் மற்ற ஐந்து பேரும் பிழைத்தார்கள். அவர்களில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் இரண்டு நாள் நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்து பிறகு கண்விழித்தான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அந்தக் கேபினின் வாசலில் நான் நின்றேன். காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. இரும்புத் தொட்டியின் அடியில், எரியாமல் மிஞ்சிய பேரீச்சை நார் ஒரு கொத்து கிடந்தது. மூலையில் அலுமினியப் பாத்திரத்தில் அவர்கள் குடித்துவிட்டு வைத்த கஞ்சி, நீர்த்த கஞ்சி, உறைந்திருந்தது. பத்து நாளுக்கு முன்பு வேலியோரம் நான் கேட்ட வசனத்தின் ஒவ்வொரு சொல்லும் அங்கே பொருளாகக் கிடந்தது. கஞ்சி குடித்து நார் எரிப்பவனைப் பிடித்துக்கொள் என்று தாய் மகனுக்குச் சொன்ன முகவரி எங்கள் கேம்பின் நான்காம் எண் கேபின். என் அறையை அவன் நெருங்கவில்லை.

நிலவும் கார்த்திகையும்

அந்த ஆண்டின் எஞ்சிய குளிர்காலம் முழுவதும் நான் முதியவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் குற்ற உணர்வால் கேட்டேன். பிறகு அந்த அறிவின் நேர்த்தி என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் கற்றுக்கொடுத்தவற்றுள் என்னை மிகவும் வியக்கவைத்தது ‘கிரான்’ என்ற கணக்கு. நிலவும் ஸுரய்யாவும் வானில் ஒன்றுசேரும் இரவைக் கவனிக்க வேண்டும். ஸுரய்யா என்பது நம் கார்த்திகை மீன் கூட்டம். அந்தச் சேர்க்கை பிறையின் எத்தனையாவது நாளில் நிகழ்கிறது என்பதே குளிரின் அளவுகோல். அவர் விரல்விட்டு எண்ணியபடி சொன்னார்: பதினொன்றில் சேர்ந்தால் குளிர் தொடங்கும், ஒன்பதில் சேர்ந்தால் குளிர் தேளாய்க் கொட்டும், ஏழில் சேர்ந்தால் ஒருவன் பசித்திருப்பான், ஒருவன் வயிறு நிறைந்திருப்பான், ஐந்தில் சேர்ந்தால் புல் நிலத்தை மூடும், மூன்றில் சேர்ந்தால் வசந்தம் விடைபெறும். அரபியில் ஒவ்வொன்றும் இரண்டிரண்டு சொல்லாக எதுகையோடு முடியும். எழுதப் படிக்கத் தெரியாத இடையனும் ஒருமுறை கேட்டால் மறக்க முடியாது.

இது ஏன் பொய்ப்பதில்லை என்று பல இரவுகள் யோசித்தேன். நிலவு ஒரு விண்மீனிடமிருந்து புறப்பட்டு மீண்டும் அதே விண்மீனை அடைய 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு இருபத்தொன்பதரை நாள். ஆகவே ஒவ்வொரு மாதமும் கார்த்திகையோடு சேரும் நாள் பிறைக் கணக்கில் இரண்டிரண்டு நாளாகப் பின்வாங்கும். பதினொன்று, ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று என்ற வரிசை அங்கிருந்துதான் வருகிறது. நம் ஊரில் திருக்கார்த்திகை பௌர்ணமியை ஒட்டி வருகிறது. தைக் கிருத்திகையோ வளர்பிறையின் ஒன்பது, பத்தாம் நாளை ஒட்டி வருகிறது. முருகனுக்கு விரதமிருக்கும் அதே இரவில்தான் நஜ்து இடையர்கள் வானத்தைப் பார்த்து ‘ஒன்பதின் சேர்க்கை, கொட்டும் குளிர்’ என்று சொல்லியிருக்கிறார்கள். சிறுவயதில் அம்மாவோடு தைக் கிருத்திகைக்குக் கோயில் படி ஏறிய நான், அந்த நாளை ஏன் அப்படி வைத்தார்கள் என்று ஒருமுறையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அல்கஸீம் வானம். ஹிஜ்ரி மாதம் பருவத்தை விட்டு எங்கே நகர்ந்து போனாலும் இந்தச் சேர்க்கை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நகரும் நாள்காட்டியை வைத்துக்கொண்டே நகராத பருவத்தைப் பிடிக்கும் வழி இது.

ஒருமுறை, ‘அப்படியானால் விண்மீன்தான் குளிரைக் கொண்டுவருகிறதா?’ என்று கேட்டுவிட்டேன். முதியவரின் முகம் சற்று இறுகியது. இன்ன விண்மீனால் எங்களுக்கு மழை பெய்தது என்று சொல்வதை நபிமொழி வன்மையாகக் கண்டிக்கிறது. அவருக்கு அது சிறு விஷயமல்ல. “விண்மீன் எதையும் செய்வதில்லை. அது நேரத்தைச் சொல்கிறது. செய்பவன் இறைவன்” என்றார். அதன்பின் அவர் எந்தப் பருவத்தைப் பற்றிப் பேசினாலும் ‘இன்ஷா அல்லாஹ்’ சேர்த்துச் சொல்வதைக் கவனித்தேன்.

எத்தனை இரவுக்கு இருக்கிறது

எங்கள் பணித்தளத்துப் பொறியாளர் ஒருவர், நல்ல மனிதர், படித்தவர், இதையெல்லாம் ஏற்கவில்லை. ‘சில ஆண்டுகளில் ஷபத் இதமாகவே போய்விடுகிறதே, மர்பஆனிய்யாவில் உறைபனி விழுகிறதே, அப்போது உங்கள் வசனம் என்ன ஆகிறது?’ என்று கேட்டார். கேள்வி நியாயமானது. சூரியனைச் சுற்றும் பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் விண்மீன்கள் விடியலில் எழும் நாளும் ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல முடியாமல், அந்தக் கேள்வியை அப்படியே முதியவரிடம் கொண்டுபோனேன்.

முதியவர் சமுர்க் கட்டை ஒன்றை அடுப்பில் தள்ளி வைத்தார். முள் நிறைந்த அந்தப் பாலை மரத்தின் கட்டை கனமானது. மெதுவாகப் பிடித்து, விடியும்வரை கங்காக இருக்கும். இப்போது காட்டில் வெட்டத் தடை இருப்பதால் இறக்குமதி விறகை வாங்கித்தான் அவரும் எரிக்கிறார். “ஷபத் அன்று குளிர் வரும் என்று நான் உனக்குச் சொன்னேனா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், அவர் அப்படிச் சொல்லவில்லை. ஹீட்டரை ஏன் அனுப்புகிறாய் என்றுதான் கேட்டார். “என் தகப்பனார் மர்பஆனிய்யாவின் கடைசி நாளன்று விறகுக் குவியலைப் பார்ப்பார், பேரீச்சம்பழச் சாடியைத் திறந்து பார்ப்பார். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவர்களுடைய சாடியையும் பார்ப்பார்” என்றார்.

அதன் பிறகு அந்த வசனத்தை நான் வேறு விதமாகவே கேட்டுவருகிறேன். அதில் எத்தனை பாகை குளிர் என்பது எங்கும் இல்லை. எந்தத் தேதியில் காற்று மாறும் என்பதும் இல்லை. இருப்பவை நான்கு பொருள்கள்: பழம், சமுர், கஞ்சி, நார். வஸ்ம் காலத்தில் சேமித்ததைத் தின்று 39 நாள் ஓட்டிய ஒரு குடும்பத்தில், ஜனவரி நடுவில் விறகும் உணவும் எந்த நிலையில் இருக்கும் என்பதை அறிந்த யாரோ ஒருவர் அந்த வசனத்தைப் புனைந்திருக்கிறார். தாயை எல்லோராலும் சமாளிக்க முடிந்தது, ஏனென்றால் அப்போது எல்லோரிடமும் ஏதோ கொஞ்சம் இருந்தது. மகன் வரும்போதுதான் இருப்பவனும் இல்லாதவனும் பிரிகிறார்கள். கிரான் கணக்கின் ஏழாவதும் இதையேதான் சொல்கிறது: அதே மாதத்தில், அதே வானத்தின் கீழ், ஒருவன் பசித்திருப்பான், ஒருவன் வயிறு நிறைந்திருப்பான். என் கைப்பேசியின் ஐந்து நாள் கணக்கு அந்த இரவுவரை எட்டவில்லை. எட்டி, சரியாக 1 பாகை என்று சொல்லியிருந்தாலும் நான்காம் எண் கேபினில் கம்பளி இல்லை என்பதை எனக்குச் சொல்லியிருக்காது. பொறியாளர் பருவத்தின் துல்லியத்தைக் கேட்டார். அந்த வசனம் ஸ்டோர் கீப்பரின் கணக்குப் புத்தகத்தைக் கேட்கிறது.

அடுத்த ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி நான் கேபின் கேபினாகப் போனேன். யார் புதிதாக வந்தவர், யாருக்கு எத்தனை கம்பளி, எந்தச் சன்னல் பொருந்தவில்லை என்று எழுதினேன். தொட்டியைக் கேபினுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் வங்காளத்திலும் எழுதிக் கதவுகளில் ஒட்டினோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஃபோர்மேன் வாயால் சொன்னார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பையன்தான் வங்காளத் தாளை எழுதினான். முதியவர் வழக்கம்போல வேலியோரம் வந்து நின்றார். ஹீட்டர் வாடகைச் சீட்டு என் கையில் இருந்தது. ஷபத் முடியும் பிப்ரவரி 9 வரை நீட்டித்திருக்கிறேன் என்று பெருமையோடு காட்டினேன். அவர் சீட்டைத் திருப்பித் தந்துவிட்டு மூன்று விரல்களை நீட்டினார். நஞ்சு, குருதி, கொழுப்பு. நான் ஸ்டோருக்குள் போய்ப் பேனாவை எடுத்து, தேதியை அடித்துவிட்டு, மார்ச் 20 என்று எழுதினேன்.